போதும் என்ற மனமும் தீராத வேட்கையும்: குணங்குடி மஸ்தான் சாகிபின் வாழ்விலும் பாடலிலும் மனநிறைவு

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838), உலகப் பொருளில் பற்றற்று மனநிறைவோடு வாழ்ந்த துறவியாக நினைவுகூரப்படுகிறார். அவருடைய பாடல்களில் மேலோங்கி நிற்பனவோ ஏக்கமும் முறையீடும் தன்னைத்தானே கடிந்துகொள்ளலும் ஆகும். இவ்விரண்டையும் முரணாகக் கொண்டு, ஒன்றை மற்றொன்றால் விளக்கிக் கடந்துவிடும் போக்கு இலக்கிய வரலாறுகளில் காணப்படுகிறது. இஸ்லாமிய ஆன்மிக மரபு மனநிறைவை ஒரே நிலையாகக் கருதவில்லை என்பதையும், உலகை நோக்கிய போதுமென்ற மனமும் இறைவனை நோக்கிய தீரா வேட்கையும் அம்மரபில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அந்த அடிப்படையில் மஸ்தான் சாகிபின் வாழ்வையும் பாடல் வடிவத்தையும் அவர் வாழ்ந்த நகரத்தின் சூழலில் வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குணங்குடி மஸ்தான் சாகிபு, சூஃபி மரபு, கனாஅத், ரிளா, திக்ர், கண்ணி, சென்னை.

முன்னுரை

‘போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்பது தமிழ் வழக்கில் வேரூன்றிய பழமொழி. சமய எல்லைகளைக் கடந்து வழங்கும் இப்பழமொழியை இஸ்லாமியத் தமிழ்ச் சொற்பொழிவுகளிலும் கேட்கலாம். அங்கு இது ‘கனாஅத்’ என்னும் அரபுச் சொல்லின் விளக்கமாக அமைகிறது. கிடைத்ததைக் கொண்டு அமைதல், பிறர் கையிலுள்ளதை நோக்காதிருத்தல் என்பன அச்சொல்லின் பொருள்கள். இவ்வளவில் நிறுத்திக்கொண்டால், இறைபக்தியின் பயன் மனநிறைவு, மனநிறைவின் அடையாளம் ஆசையின்மை என்ற எளிய முடிவே கிடைக்கும்.

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் அம்முடிவுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. மணவாழ்வை மறுத்தவர், ஊரைத் துறந்தவர், மலையிலும் காட்டிலும் தனித்திருந்தவர் என்று அவருடைய வரலாறு பேசுகிறது. அத்தகையவர் பாடிய பாடல்களில் அமைதியைக் காட்டிலும் அமைதியின்மையே மிகுதி. முகியித்தீன் ஆண்டகையிடம் கையேந்துகிறார். பராபரத்தை விளித்து மீண்டும் மீண்டும் முறையிடுகிறார். மனோன்மணியைத் தலைவியாக்கித் தன்னைக் காதலனாக்கிக்கொண்டு பிரிவில் வாடுகிறார். தன் மனத்தின் அலைவை இகழ்கிறார். உலகத்தை வேண்டாம் என்று விட்டவருக்கு இத்தனை வேண்டுதல் ஏன் என்ற வினா எழுவது இயல்பு.

இவ்வினாவுக்கு இரு விடைகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, ஏக்கப் பாடல்கள் முற்பட்டவை, ஆனந்தக் களிப்பு போன்றவை நிறைவெய்திய பின்னர்ப் பாடப்பட்டவை என்பது. மற்றொன்று, ஏக்கம் என்பது பக்திப் பாடலின் மரபுவழி உத்தியே, அதைப் பாடியவரின் உள்ள நிலையாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது. முதல் விடைக்குப் பாடல்களின் கால வரிசை தேவை. அவை காலக் குறிப்போடு கிடைக்கவில்லை. ஆதலால் அது ஊகமாகவே நிற்கிறது. இரண்டாம் விடையோ பாடல்களின் பெரும்பகுதியைப் பொருளற்றதாக்கிவிடுகிறது. மஸ்தான் சாகிபு பயின்ற ஆன்மிக மரபுக்குள்ளேயே இதற்கு விடை உண்டா என்று தேடுவது இவ்விரண்டினும் பொருத்தமான வழியாகும்.

மனநிறைவைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் ‘மனநிறைவு’ என்னும் ஒரு சொல்லால் சுட்டப்படுவது இஸ்லாமிய ஆன்மிக நூல்களில் பல சொற்களாகப் பிரிந்து நிற்கிறது. கனாஅத் என்பது உலகப் பொருள் குறித்த போதுமென்ற மனம். தவக்குல் என்பது பொறுப்பை இறைவனிடம் ஒப்படைத்துச் சார்ந்திருத்தல். ரிளா என்பது இறைவனின் தீர்ப்பில் உள்ளம் பொருந்துதல். இத்மினான் என்பது உள்ளத்தின் அலைவு ஓய்ந்த அமைதி. இவை தம்முள் தொடர்புடையவை எனினும் ஒன்றல்ல.

செல்வம் என்பது பொருள்களின் மிகுதியன்று, உள்ளத்தின் வளமே செல்வம் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. கனாஅத் குறித்த பேச்சுக்கு இதுவே அடித்தளம். இத்மினான் குறித்த அடித்தளம் குர்ஆனில் உள்ளது. இறைவனை நினைவுகூர்வதால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்ற கருத்தை 13ஆம் அத்தியாயத்தின் 28ஆம் வசனம் கூறுகிறது. இங்கு அமைதிக்கு வாயிலாகச் சொல்லப்படுவது நினைவுகூர்தல், அதாவது திக்ர் ஆகும். பொருளைக் கைவிடுதல் அங்கு வாயிலாகக் கூறப்படவில்லை.

மனித ஆன்மாவின் நிலைகளைச் சூஃபியர் மூன்றாகப் பகுத்தமைக்கும் குர்ஆனே மூலம். தீமைக்குத் தூண்டும் ஆன்மா (12:53), தன்னைத்தானே கடிந்துகொள்ளும் ஆன்மா (75:2), அமைதியுற்ற ஆன்மா (89:27) என்பன அம்மூன்று. இவற்றுள் மூன்றாவதைப் பற்றிய வசனங்கள் (89:27–30) இக்கட்டுரைக்கு முதன்மையானவை. அங்கு அமைதியுற்ற ஆன்மா தன் இறைவனிடம் திரும்பிவருமாறு அழைக்கப்படுகிறது. அது இறைவனில் பொருந்தியதாகவும் இறைவனால் பொருந்திக்கொள்ளப்பட்டதாகவும் திரும்ப வேண்டும். அமைதி பெற்ற பின்னரும் ஒரு பயணம் எஞ்சியிருக்கிறது என்பதும், பொருத்தம் இரு பக்கத்தது என்பதும் இதனால் விளங்கும். நிறைவு என்பது நின்றுவிடுதல் அன்று.

கஸ்ஸாலியின் வைப்புமுறை

இவ்வேறுபாட்டை நூலமைப்பிலேயே காட்டியவர் இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111). ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் அவருடைய பெருநூல் வழிபாடு, வாழ்வியல் ஒழுக்கம், அழிவுக்குக் காரணமான தீக்குணங்கள், ஈடேற்றம் தரும் நற்குணங்கள் என நான்கு பகுதிகளாக அமைந்தது. ஒவ்வொரு பகுதியிலும் பத்து நூல்கள் உள்ளன. கனாஅத்தின் சிறப்பை அவர் மூன்றாம் பகுதியில், கஞ்சத்தனத்தையும் பொருளாசையையும் கண்டிக்கும் நூலில் பேசுகிறார். பேராசை என்னும் நோய்க்கு மருந்தாகவே அது அங்கு வருகிறது. ரிளாவையோ நான்காம் பகுதியில், 36ஆம் நூலில் வைக்கிறார். அந்நூலின் தலைப்பில் அன்பு, வேட்கை, நெருக்கம், பொருத்தம் ஆகிய நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன.

உலகம் குறித்த போதுமென்ற மனம் ஒரு நோய் நீக்கம். இறைவன் குறித்த பொருத்தமோ அன்பின் கனி. அக்கனி வேட்கையோடு ஒரே நூலில் வைக்கப்பட்டுள்ளது என்பது கவனத்திற்குரியது. அந்நூலிலேயே கஸ்ஸாலி மற்றொரு வினாவையும் எதிர்கொள்கிறார். இறைவனின் தீர்ப்பில் பொருந்தியவர் அவனிடம் வேண்டுதல் செய்யலாமா என்பதே அவ்வினா. வேண்டுதல் பொருத்தத்திற்கு முரணன்று என்பது அவர் விடை. வேண்டுமாறு பணித்தவனும் அவனே ஆதலால், வேண்டுதலும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகிறது.

அவருக்கு முற்பட்ட குஷைரி (இறப்பு 1072) தம் ‘ரிஸாலா’வில், ரிளா முயற்சியால் அடையும் படிநிலையா அல்லது அருளால் வந்து சேரும் உளநிலையா என்பதில் குராசானிய ஞானியருக்கும் ஈராக்கிய ஞானியருக்கும் இடையிலிருந்த கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்துள்ளார். துன்பத்தை உணராதிருப்பது ரிளா அன்று, தீர்ப்பை எதிர்க்காதிருப்பதே ரிளா என்னும் தம் ஆசிரியரின் விளக்கத்தையும் அவர் தருகிறார். இவ்விளக்கத்தின்படி மனநிறைவுள்ளவர் அழலாம், ஏங்கலாம், முறையிடலாம். அவற்றால் நிறைவு குலைந்துவிடுவதில்லை. மஸ்தான் சாகிபின் பாடல்களை அணுகுவதற்குரிய முதல் திறவுகோல் இதுவாகும்.

குணங்குடியிலிருந்து சென்னைக்கு

மஸ்தான் சாகிபின் வாழ்க்கைச் செய்திகளில் பல அவருடைய பாடல் பதிப்புகளின் முகவுரைகள் வழியாகவும் மாணவர் மரபின் வழியாகவும் வந்தவை. அரசு ஆவணங்களின் துல்லியத்தை அவற்றில் எதிர்பார்க்க இயலாது. எனினும் அவை எவற்றை நினைவில் நிறுத்தின என்பதே ஒரு சான்றாகும்.

இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இராமநாதபுரம் வட்டாரத்தில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி பிறந்த ஊர். கீழக்கரையில் தைக்கா சாகிபு என அழைக்கப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் ஆலிமிடம் மார்க்கக் கல்வி பயின்றார். முறைப்பெண்ணை மணமுடிக்கும் ஏற்பாட்டை மறுத்து இளமையிலேயே இல்லத்தை விட்டு நீங்கினார் என்பது மரபு. 1813இல் திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்றார். பின்னர் மதுரைக்கு அருகில் சிக்கந்தர் தர்கா அமைந்த திருப்பரங்குன்ற மலையில் நாற்பது நாள் ‘கல்வத்’ என்னும் தனித்தவம் இருந்ததாகவும், பல இடங்களில் அலைந்து திரிந்ததாகவும் வரலாறு கூறுகிறது. ‘மஸ்தான்’ என்பது இறைக்காதலில் மதிமயங்கியவரைக் குறிக்கும் பாரசீகச் சொல். மக்கள் அவருக்கு இட்ட பெயரே பின்னர் இயற்பெயரை மறைத்தது.

இறுதியில் அவர் வந்து தங்கிய இடம் வடசென்னையின் இராயபுரம் பகுதி. அங்கு அன்பர் ஒருவர் அளித்த இடத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்தார். அவருடைய அடக்கத்தலமும் அப்பகுதியிலேயே உள்ளது. தொண்டியிலிருந்து வந்த இவரால்தான் தண்டையார்ப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்றொரு கூற்று இன்றளவும் எழுதப்பட்டு வருகிறது. எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்ப்பேட்டையும் 1693இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதாவது மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே அப்பெயர் வழக்கில் இருந்தது. எனவே பெயர்க் காரணமாக இக்கூற்று நிலைபெறாது. ஆயினும் எதையும் தமக்கென வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு ஒரு பேட்டையின் பெயரையே உரிமையாக்கிக் கொடுக்க மக்கள் விரும்பினர் என்பதை அது உணர்த்துகிறது.

துறவியின் நிறைவும் இல்லறத்தாரின் நிறைவும்

இவ்வரலாற்றில் ஒரு சிக்கலும் உண்டு. போதுமென்ற மனத்தோடு வாழும் ஃபக்கீர் ஒருவருக்கு உணவும் இடமும் அளிப்பவர்கள் பொருளீட்டும் இல்லறத்தார். பொருளீட்டுவோர் இல்லையெனில் துறவியின் கனாஅத்துக்கு நிலமில்லை. இதை இஸ்லாமிய ஆன்மிக நூல்கள் அறியாதவை அல்ல. கஸ்ஸாலி தவக்குல் பற்றிய நூலில், முன்னே இருக்கும் உணவை நோக்கிக் கையை நீட்டாமல் வயிறு நிரம்பக் காத்திருப்பது இறைச்சார்பு ஆகாது, அறியாமையே ஆகும் என்னும் கருத்தை முன்வைக்கிறார். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவனிடம் ஒப்படைக்குமாறு அறிவுறுத்தும் நபிமொழி திர்மிதி தொகுப்பில் உள்ளது. முயற்சியைக் கைவிடுவது மனநிறைவின் இலக்கணம் அன்று.

கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி முதலிய கடற்கரை ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள் வணிகத்தால் வாழ்ந்தவர்கள். கப்பலும் சரக்கும் கடனும் இலாபமும் அவர்களின் அன்றாட உலகம். அச்சூழலிலேயே காதிரிய்யா என்னும் சூஃபி நெறியும் தழைத்தது. பாக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியை முதல்வராகக் கொண்ட அந்நெறியில் தீட்சை பெற்ற பலர் கடையையும் குடும்பத்தையும் விட்டு நீங்கியவர்கள் அல்லர். ஆகவே கனாஅத் அவர்களிடம் வேறு வடிவம் கொள்ள வேண்டியிருந்தது. கையில் பொருள் இருக்கலாம், உள்ளத்தில் அது இருத்தலாகாது என்பதே அவ்வடிவம்.

மஸ்தான் சாகிபின் துறவு இவ்வில்லறத்தாருக்கு நேரடியாகப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக இருந்திருக்க இயலாது. அது ஓர் அளவுகோலாகவே பயன்பட்டிருக்க வேண்டும். ஒருவர் முழுவதும் விட்டுவிட்டார் என்ற செய்தி, முழுவதும் விட இயலாதவர்களுக்குத் தம் பற்றின் அளவை அறிந்துகொள்ள உதவுகிறது. சமுதாயத்திற்கும் துறவிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் ஒரு பக்கம் உணவும் இடமும் சென்றால், மறுபக்கம் இவ்வளவுகோல் வந்தது.

பாடலின் பொருளும் பாடலின் வடிவும்

மஸ்தான் சாகிபின் பாடல்களுள் முகியித்தீன் சதகம், அகத்தீசர் சதகம், ஆனந்தக் களிப்பு, பராபரக்கண்ணி, றகுமான் கண்ணி, நிராமயக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி முதலியன பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் பொருளை நோக்கினால், மேலே கூறிய இரண்டாம் ஆன்மநிலை, அதாவது தன்னைத்தானே கடிந்துகொள்ளும் ஆன்மாவின் குரல் மிகுதியாக ஒலிப்பதைக் காணலாம். மனம் அடங்கவில்லை, காலம் கழிகிறது, அருள் இன்னும் கிட்டவில்லை என்னும் பொருள்கள் பலவாறு திரும்பத் திரும்ப வருகின்றன.

முகியித்தீன் சதகம் அப்துல் காதிர் ஜீலானியை விளித்துப் பாடப்பட்டது. தீட்சையின் வழியே தொடர்ந்து வரும் குருபரம்பரையின் முதல்வரிடம் வைக்கும் விண்ணப்பம் அது. விண்ணப்பம் நிறைவின்மையின் அடையாளம் அன்று என்பதைக் கஸ்ஸாலியின் விளக்கம் முன்னரே தெளிவாக்கியது. இங்கு வேண்டப்படுவது உலகப் பொருள் அன்று என்பதும் நோக்கத்தக்கது. உலகை நோக்கிப் ‘போதும்’ என்று சொன்ன அதே நா, இறையருளை நோக்கிப் ‘போதாது’ என்று சொல்கிறது. முன்னதன் உண்மையைப் பின்னது உறுதி செய்கிறது. எதிலும் ஆர்வமற்றுச் சோர்ந்திருப்பவரும் உலகைப் போதும் என்று சொல்லக்கூடும். சோர்வையும் கனாஅத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது இறைவேட்கையே.

மனோன்மணிக்கண்ணி இதை மற்றொரு வகையில் காட்டுகிறது. தமிழ்ப் பக்தி மரபில் இறைவனைத் தலைவனாகவும் பாடுபவரைத் தலைவியாகவும் கொள்வதே பெருவழக்கு. மஸ்தான் சாகிபிடம் மெய்ப்பொருள் மனோன்மணி என்னும் தலைவியாகவும் பாடுபவர் காதலனாகவும் அமைகின்றனர். பாரசீகச் சூஃபிக் கவிதையின் காதல் மரபோடு இதை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுள்ளனர். சித்தர் வழக்கிலிருந்து பெயரையும், பாரசீக மரபோடு ஒத்த காதல் உறவையும், தமிழ் யாப்பிலிருந்து வடிவத்தையும் கொண்ட இப்பாடலில் பிரிவுத்துயரே நடுநாயகமாக உள்ளது.

பொருள் இவ்வாறிருக்க, வடிவம் வேறொன்றைச் செய்கிறது. கண்ணி என்பது இரண்டடிகளாலான சிறு பாடல் வடிவம். பராபரக்கண்ணி போன்றவற்றில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளியில் சென்று முடிகிறது. ஒரு கண்ணியில் கூறப்படும் குறை எதுவாயினும், அது இறைவனின் பெயரில் வந்து ஓய்கிறது. அடுத்த கண்ணியில் புதிய குறை எழுகிறது. அதுவும் அப்பெயரிலேயே ஓய்கிறது. இறைப்பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ர் என்னும் பயிற்சியோடு இவ்வமைப்பை ஒப்பிடுவது பொருந்தும். திக்ர் மஜ்லிஸ்களில் பெயர் ஒன்றே, ஓதுவோரின் மூச்சு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

உள்ளங்கள் அமைதி பெறுவது நினைவுகூர்வதால் என்னும் குர்ஆனியக் கருத்தை இங்கு மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். பாடலின் சொற்கள் அமைதியில்லை என்று கூறுகின்றன. அச்சொற்களைத் தாங்கும் விளியோ அமைதிக்குரிய பயிற்சியாக நிற்கிறது. ஏக்கமும் நிறைவும் இரு வேறு காலங்களுக்கு உரியவை அல்ல. ஒரே கண்ணியின் உள்ளேயே முன்பகுதியில் ஏக்கமும் ஈற்றில் இளைப்பாறுதலும் உள்ளன. ஏக்கப் பாடல்கள் முற்பட்டவை, நிறைவுப் பாடல்கள் பிற்பட்டவை என்னும் கால வரிசை ஊகம் இதனால் தேவையற்றதாகிறது.

திருவல்லிக்கேணியின் பாரசீக மரபு

மஸ்தான் சாகிபு தங்கிய காலத்துச் சென்னையில் இஸ்லாமிய ஆன்மிகச் சிந்தனை ஒரே மொழியில் மட்டும் இயங்கவில்லை. நகரின் நடுப்பகுதியில், திருவல்லிக்கேணியை ஒட்டி, ஆர்க்காட்டு நவாபின் அவை இருந்தது. 1801இல் ஆட்சியதிகாரம் கம்பெனியிடம் சென்ற பின்னரும் 1855 வரை நவாப் பட்டம் நீடித்தது. 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசல் அக்காலத்தின் பெருஞ்சின்னம். பாரசீகமும் அரபும் அங்குக் கல்வியின் மொழிகளாக விளங்கின.

அப்பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருப்பவர்களுள் ஒருவர், ‘பஹ்ருல் உலூம்’ (கல்விக் கடல்) என்று போற்றப்பட்ட அப்துல் அலீ. லக்னோவின் ஃபரங்கி மகல் அறிஞர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ‘தர்ஸே நிஜாமி’ என்னும் பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீனின் மகன். நவாப் முகம்மது அலி வாலாஜாவின் அழைப்பால் சென்னைக்கு வந்து கற்பித்து, 1810இல் இங்கேயே மறைந்தார். தர்க்கத்திலும் சட்டத்திலும் வல்லவரான இவர், ஜலாலுத்தீன் ரூமியின் (1207–1273) ‘மஸ்னவி’க்கு இப்னு அரபியின் சிந்தனை வழிநின்று பாரசீகத்தில் விரிவுரை எழுதியவர்.

மஸ்னவியின் தொடக்கம், நாணற்காட்டிலிருந்து வெட்டப்பட்ட புல்லாங்குழல் தன் பிரிவைச் சொல்லிப் புலம்புவதாக அமைந்தது. பிரிவின் முறையீட்டை ஞானத்தின் வாயிலாகக் கொள்ளும் அந்நூலுக்கு உரைகண்ட அறிஞர் திருவல்லிக்கேணியில் கற்பித்து ஒரு தலைமுறை கழிவதற்குள், அதே நகரின் வடபகுதியில் தமிழ்க் கண்ணிகளில் பிரிவின் முறையீடு ஒலித்தது. இருவரும் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. அப்துல் அலீ மறைந்தபோது மஸ்தான் சாகிபு இன்னும் தெற்கிலிருந்தார். நேரடித் தாக்கம் என்று கூறுவதற்கும் இங்கு இடமில்லை. வேட்கையை ஆன்மிக நிறைவின் குறையாகக் கருதாத பார்வை, அவைக்கள அறிஞருக்கும் தெருவோர ஃபக்கீருக்கும் பொதுவான ஒரு பெருமரபின் உடைமையாக இருந்தது என்பதையே இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

‘இஸ்லாமியத் தாயுமானவர்’ என்னும் அடைமொழி

மஸ்தான் சாகிபின் அன்பர்களுள் தமிழ்ப் புலவர்கள் பலர் இருந்தனர். திருத்தணிகைக் கந்தப்பையரின் மகனும் பதிப்பாசிரியருமான சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியாரும் அவரைப் போற்றிப் பாடியவர். முஸ்லிம் ஞானி ஒருவரைச் சைவப் புலவர்கள் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது அக்காலச் சென்னையின் சமயப் பழக்கத்திற்குச் சிறந்த சான்று.

இவ்வரவேற்பின் தொடர்ச்சியாகவே அவரை இஸ்லாமியத் தாயுமானவர் என்று அழைக்கும் வழக்கம் வளர்ந்தது. ஒற்றுமைகள் வெளிப்படையானவை. பராபரக்கண்ணி என்னும் தலைப்பு இருவருக்கும் பொது. ஆனந்தக் களிப்பும் அவ்வாறே. இருவர் வாழ்விலும் திருச்சிராப்பள்ளி முதன்மை பெறுகிறது. தாயுமானவரின் பாடல்களை மஸ்தான் சாகிபு நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

எனினும் இவ்வடைமொழி ஒரு விலையைக் கோருகிறது. தாயுமானவரின் நிறைவு மௌனத்தையும் சும்மா இருத்தலையும் இலக்காகக் கொண்டது என்பது பொதுவான புரிதல். அப்புரிதலை மஸ்தான் சாகிபின்மேல் ஏற்றும்போது, அவருடைய இடைவிடாத விளித்தல், மௌனத்திற்கு முந்திய முதிராத நிலையாகத் தோன்றிவிடுகிறது. திக்ர் மரபில் விளித்தல் ஏணியன்று. ஏறியபின் விட்டுவிட வேண்டியதும் அன்று. நிறைவு நிகழும் இடமே அதுதான். பொதுமையைப் போற்றும் நல்ல நோக்கத்தோடு இடப்பட்ட பெயர், இஸ்லாமியப் பயிற்சியின் தனித்தன்மையைப் பார்வையிலிருந்து அகற்றிவிடும் நிலை இவ்வாறு உண்டாகிறது.

எதிர்ப்பக்கத்திலும் இதையொத்த நிலை உண்டு. மனோன்மணி, அகத்தீசர், நந்தீசர் ஆகிய பெயர்கள் இடம்பெறும் பாடல்களை இஸ்லாமியக் கொள்கைக்குப் பொருந்தாதவை என்று கருதி ஒதுக்குவோர் உள்ளனர். அவர்கள் பெயர்களைக் காண்கின்றனர், ஆனால் அப்பெயர்களை இயக்கும் பயிற்சியைக் காண்பதில்லை. ஒரு தரப்பு வேட்கையின் இஸ்லாமிய வேரை மறக்கிறது. மறு தரப்பு அது பேசிய தமிழ் மொழியை மறுக்கிறது. தமிழும் திக்ரும் ஒருங்கே இன்றி இப்பாடல்கள் இல்லை என்பதை இரு தரப்பும் தவறவிடுகின்றன.

முடிவுரை

குணங்குடி மஸ்தான் சாகிபின் வாழ்வில் காணும் பற்றின்மையும் பாடலில் காணும் ஏக்கமும் முரண்கள் அல்ல. கனாஅத் உலகை நோக்கிய திசையில் அமைவது, வேட்கை இறைவனை நோக்கிய திசையில் அமைவது. முன்னதற்கு எல்லை உண்டு. அது ‘போதும்’ என்று முடிகிறது. பின்னதற்கு எல்லை இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று உள்ளத்தை நிலைநிறுத்துவது ரிளா. துன்பத்தையோ ஏக்கத்தையோ உணராதிருக்குமாறு அது கோருவதில்லை, எதிர்க்காதிருக்கவே கோருகிறது. கஸ்ஸாலியின் நூல் வைப்புமுறையும் குஷைரியின் விளக்கமும் இதற்குக் கோட்பாட்டு அடிப்படை தருகின்றன. ஒரே விளியில் மீண்டும் மீண்டும் வந்தடையும் கண்ணி வடிவம் இதற்குத் தமிழில் உருவம் தருகிறது.

மனஅமைதி என்பது விருப்பங்களைக் குறைத்துக்கொள்ளும் உத்தியாக மட்டும் இன்று பரவலாகப் பேசப்படுகிறது. இறைபக்தியும் அவ்வமைதிக்கான கருவியாகவே அப்பேச்சில் மதிக்கப்படுகிறது. மஸ்தான் சாகிபின் பாடல்கள் இம்முறையைத் தலைகீழாக்குகின்றன. அவற்றில் அமைதி தேடப்படும் பொருள் அன்று. தேடப்படுபவன் இறைவன். அமைதி அத்தேட்டத்தின் போக்கில் ஒவ்வொரு விளியின் ஈற்றிலும் கிட்டி, அடுத்த அடியில் மீண்டும் வேட்கையாக மாறுகிறது.

இவ்வாய்வு மேலும் விரிய வேண்டிய திசைகள் இரண்டு. பாடல்களின் பழைய பதிப்புகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளையும் வைப்புமுறையையும் தெளிவாக்கும் செம்பதிப்பு முதலாவது தேவை. கீழக்கரை, காயல்பட்டினம் அறிஞர்களின் அரபுத்தமிழ் உரைநடை நூல்களில் கனாஅத், ரிளா முதலிய சொற்கள் எவ்வாறு விளக்கப்பட்டன என்பதை இப்பாடல்களோடு ஒப்பிடுவது இரண்டாவது. அவ்வொப்பீடு நிகழும்போது, தமிழ் முஸ்லிம்களின் அன்றாட வாழ்வில் மனநிறைவு என்னும் கருத்து பெற்ற வடிவங்களைத் துறவியின் குரல் வழியாக மட்டுமன்றி, அவருக்கு உணவளித்த இல்லறத்தாரின் குரல் வழியாகவும் அறிய இயலும்.